அர்தேஷ் ஆற்றில் குடும்பத்தோடு கேனூவும் கன்யோனிங்கும்: நடுவில் எங்கே கரையேறலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் புறநகரில் வசிக்கிறீர்கள். ஆகஸ்டில் மூன்று நாள் கிடைக்கிறது. தென் பிரான்சின் அர்தேஷ் ஆற்றில் ஒரு நாள் கேனூ என்ற துடுப்புப் படகு, மறுநாள் கன்யோனிங், அதாவது மலையோடைப் பள்ளத்தில் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் கீழே வருவது, என்று திட்டம். மனைவிக்கு நன்றாக நீச்சல் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மகனுக்கு 11 வயது. மகளுக்கு 6, அக்டோபரில்தான் 7 ஆகும். 68 வயதான அம்மாவும் உடன் வருகிறார். 24 கிலோமீட்டர்ப் பயணத்தை எடுக்கலாமா என்றும், படிவத்தில் மகளின் வயதை ஏழு என்று எழுதினால் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டால் நீச்சல் தெரியாத அப்பாவும் சின்னப் பிள்ளையும் சமாளித்துவிட முடியாதா? முடியாது. ஆனால் அதற்காக நீங்கள் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. திட்டத்தை வேறு மாதிரி அடுக்கினால் ஐந்து பேருக்கும் நல்ல மூன்று நாட்கள் கிடைக்கும்.

நான் கேனூ பயிற்றுநர் தகுதி பெற்று, பல கோடைகளை அர்தேஷில் குடும்பங்களை அழைத்துச் செல்லும் வேலையில் கழித்தவன். எனவே ஆற்றைப் பற்றி உறுதியாகப் பேசுகிறேன். கன்யோனிங்கில் நான் வழிகாட்டி அல்ல. தொழில்முறை வழிகாட்டிகளின் குழுக்களோடு இறங்கிய அனுபவம் மட்டுமே உண்டு. அந்தப் பகுதியில் நான் சொல்வதை நீங்கள் அமர்த்தும் வழிகாட்டியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். படகு வாடகை நிறுவனங்களில் பெரும்பாலானவை வல்லோன் போன் தார்க் என்ற ஊரைச் சுற்றி இருக்கின்றன. அவர்கள் வழக்கமாக மூன்று பயணங்களை விற்கிறார்கள். வல்லோனிலிருந்து ஷாம் வரை 8 கிலோமீட்டர்; ஷாமிலிருந்து சன் மர்த்தன் பக்கத்துச் சோஸ் வரை 24 கிலோமீட்டர்; இரண்டையும் சேர்த்தால் 32 கிலோமீட்டர். விலைப்பட்டியலில் இவை ஒன்றின் அரை நாள், முழு நாள் வடிவங்கள் போலத் தெரியும். அப்படி இல்லை. எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதியில் டி 290 சாலை ஆற்றை ஒட்டியே வருகிறது. பிள்ளை அழுதாலும், தோள் வலித்தாலும், இடி முழங்கினாலும் படகைக் கரையில் இழுத்துவிட்டுச் சாலைக்கு நடந்துவிடலாம். ஷாமைத் தாண்டியதும் அந்தச் சாலை மலைமேல் ஏறிவிடுகிறது. ஆறு மட்டும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்குள் நுழைகிறது. சில இடங்களில் அந்தச் சுவர் 300 மீட்டர் வரை உயர்கிறது. உள்ளே கோ, குர்னியே என்று இரவு தங்க அனுமதியுள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மேலே ஏறும் நடைபாதைகளும் உண்டு. ஆனால் ஆகஸ்ட் வெயிலில், களைத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவதை வெளியேறும் வழி என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் முறை போகும் பெரியவர்களுக்கே 24 கிலோமீட்டர் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். வழியில் கை ஓய்ந்துபோனாலும் மீதித் தூரத்தைத் துடுப்புப் போட்டே கடக்க வேண்டும்.

ஆகவே ஒரு குடும்பம் எந்தப் பயணத்தை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது தூரத்தையோ நீர் வேகமாகப் பாயும் இடங்களின் எண்ணிக்கையையோ நான் முதலில் பார்ப்பதில்லை. நடுவில் எங்கெங்கே நிறுத்திவிட்டு வெளியேறலாம் என்பதைத்தான் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் மிகவும் பலவீனமானவர் களைத்துப்போகும் இடத்தில் வெளியேற வழி இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் 24 கிலோமீட்டர் உங்களுக்கு இந்த ஆண்டு பொருந்தாது. போன் தார்க் வளைவின் அடியில் படகில் போவதுதான் ஆசை என்றால், அது எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரமான அந்த இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க நீண்ட பயணம் தேவையில்லை.

இனி வயது. பள்ளத்தாக்கில் கேனூ போக 7 வயது நிறைந்திருக்க வேண்டும், நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நீச்சல் என்றால் குறைந்தது 25 மீட்டர் நீந்தவும், தலையை நீருக்குள் முழுக்கவும் முடிய வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்டு உறுதி தருவார்கள். பொய்யாக எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வரலாம், உங்கள் கையெழுத்து உங்களுக்கு எதிராகவே நிற்கும். இதைவிட முக்கியமானது, அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் பயிற்றுநர் யாரை எந்தப் படகில், எவருக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்கிறார். தவறான தகவலைக் கொடுத்தால் உங்கள் மகளைக் காக்க வேண்டியவரின் கண்ணை நீங்களே மறைக்கிறீர்கள். உங்கள் பெயருக்கு எதிரே உள்ள நீச்சல் கட்டத்துக்கும் இதே பேச்சுத்தான். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறு வயது பத்து மாதத்துக்கும் ஏழு வயதுக்கும் உடலில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழு என்பது எங்கோ ஓரிடத்தில் இழுக்க வேண்டியிருந்த கோடு. ஏழு வயது நிறைந்தும் ஆற்றுக்குத் தயாராகாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கோட்டின் இடம் விவாதத்துக்கு உரியது. படகு கவிழும் என்பது விவாதத்துக்கு உரியதல்ல. வளைவை அடையும் முன் ஷார்லமாஞ் என்ற நீர்வேகம் (பாறைகளுக்கு நடுவே நீர் சீறிப் பாயும் இடம்) வரும். பருவத்தின் எந்த நாளிலும் அங்கே படகுகள் கவிழ்வதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். வாடகைப் படகுகளில் தரும் ஜாக்கெட் பொதுவாக 50 நியூட்டன் மிதப்பு உள்ளது. நினைவோடு இருப்பவரை அது மிதக்க வைக்கும். நினைவு தப்பியவரின் முகத்தை மேல்பக்கம் திருப்பிவிடாது. குளிர்ந்த நீர் முகத்தில் அடித்தவுடன் மூச்சு வாங்கும். தலையை முழுக்கிப் பழகியவர் இரண்டு நொடியில் நிதானத்துக்கு வருவார். பழகாதவர் தனக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது உங்கள் பிள்ளையாக இருக்கும். நீச்சல் தெரியாத பெரியவர் படகில் இருந்தால் காப்பாற்ற வேண்டியவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது, காப்பாற்றுபவர்களின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது.

உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நகராட்சி நீச்சல் குளங்களில் பெரியவர்களுக்கான வகுப்புகள் நடக்கின்றன. வாரம் இருமுறை விடாமல் போனால் பலருக்கு 25 மீட்டர் கைகூடிவிடும். உங்களுக்கும் கைகூடுமா என்று இங்கிருந்து வாக்குத் தர முடியாது, அச்சம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவில் இருக்கும். கைகூடினால் நீங்களும் படகில் ஏறலாம், ஆனால் பயிற்றுநரின் படகில் அல்லது உங்கள் மனைவியோடு. புதிதாக நீச்சல் கற்ற ஒருவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஒரே படகில் ஏறக் கூடாது.

என் பரிந்துரை இதுதான். கேனூ போகும் நாள் காலை உங்கள் மனைவியும் மகனும் இரண்டு இருக்கைப் படகில், பயிற்றுநர் உடன்வரும் குழுவோடு எட்டுக் கிலோமீட்டர் போகட்டும். மனைவி பின்னிருக்கையில், மகன் முன்னால். திசையைத் திருப்புவது பின்னால் இருப்பவர்தான், கனமும் பின்னால் இருப்பதே நல்லது. நீங்கள், அம்மா, மகள் மூவரும் காரில் போன் தார்க் கரைக்கு வந்துவிடுங்கள். அவர்கள் வளைவுக்கு அடியில் வரும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். அந்தக் கரையில் மகள் முழங்கால் அளவு நீரில் விளையாடலாம். ஆனால் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, உங்கள் கைக்கு எட்டும் தொலைவில். வளைவின் கீழ் நீரோட்டம் இருக்கிறது. பேத்தியோடு அம்மாவை மட்டும் கரையில் விட்டுவிட்டு நீங்களும் மனைவியும் சேர்ந்து படகேற நினைக்காதீர்கள். அறுபத்தெட்டு வயதில் வழுக்கும் கூழாங்கல்லில் பிள்ளையின் பின்னால் ஓட முடியாது.

ஆகஸ்ட் நீர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: வெயில் காலத்தில் நீர் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று. ஓரளவுதான் அது சரி. அர்தேஷ் மத்தியதரைக் கடல் தட்பவெப்பத்தைச் சார்ந்த ஆறு. கோடையில் இயல்பாகவே மிகவும் மெலிந்துவிடும். மோன்பெஸா நீர்மின் நிலையத்தின் வழியே லுவார் ஆற்றின் தலைநீரில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திருப்பப்படுகிறது. ஷஸ்ஸெஸாக் கிளையாற்றிலும் அணைகள் இருக்கின்றன. கோடையில் படகு ஓடும் அளவுக்கு நீர் நிற்பதில் இந்த அணைகளிலிருந்து விடும் நீருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியும் ஆகஸ்டில் படகு அடிக்கடி கல்லில் தட்டி நிற்கும். உடனே எல்லோரும் இறங்கித் தள்ளப் பார்ப்பார்கள். காயங்கள் அதிகம் நடப்பது இங்கேதான். ஓடும் நீரில் எழுந்து நின்றால் கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டும், நீர் முதுகைத் தள்ளி ஆளை முகங்குப்புறச் சாய்க்கும். இடுப்பளவு நீரிலேயே மூழ்க இது போதும். நீர் வேகமாக ஓடும் இடத்தில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி, பாதங்களை நீர்மட்டத்தில் வைத்து, ஓட்டம் தணியும் வரை மிதக்க வேண்டும். இதை மகனுக்கு வீட்டிலேயே தரையில் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுங்கள். கவிழ்ந்த படகுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீர் நிறைந்த படகின் எடை பல நூறு கிலோ. பாறையில் மோதும்போது பிள்ளைகள் இயல்பாகப் பாறையை விட்டு விலகிச் சாய்வார்கள், அதனால்தான் படகு கவிழ்கிறது. பாறையின் பக்கமே சாய வேண்டும்.

ஜாக்கெட்டை நீங்களே சோதியுங்கள். எல்லா வாரையும் இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரியது, மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்கட்டுள்ள காலணி வேண்டும். இறப்பர்ச் செருப்பு முதல் நீர்வேகத்திலேயே போய்விடும். பிள்ளையைக் கயிற்றால் படகோடு கட்டும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அன்பால் செய்கிறார்கள், ஆனால் கவிழ்ந்த படகின் அடியில் அந்தக் கயிறு பிள்ளையைப் பிடித்துவைக்கும். எதையும் எவரோடும் கட்டாதீர்கள். உணவை வாடகையோடு தரும் மூடிப் பீப்பாயில் வைக்கலாம். சோற்றுப் பொதியைப் படகோட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல், பயணத்தை முடித்துவிட்டுக் கரையில் சேர்ந்து சாப்பிடுங்கள். தண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள், பாறைச் சுவர்களுக்கு நடுவில் வெப்பம் இரு பக்கமும் திரும்பி அடிக்கும். காலை ஒன்பது மணிக்கு முன்பே நீரில் இறங்கப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் ஷார்லமாஞ்சில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவுக்குக் கூட்டம் சேரும்.

கன்யோனிங்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அதைக் கேனூவின் இலகுவான தம்பி போல எழுதியிருக்கிறீர்கள். அது தனித் துறை. ஒடுங்கிய மலையோடைப் பள்ளத்தில் நீந்தியும், பாறைச் சறுக்கில் வழுக்கியும், குதித்தும், கயிற்றில் இறங்கியும் கீழே வருவது. பிரான்சில் கட்டணம் வாங்கி வழிகாட்ட அரசுத் தகுதிச் சான்று கட்டாயம். வழிகாட்டியிடம் தொழில் அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார். பயிற்சி இல்லாத குடும்பம் வழிகாட்டி இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

பள்ளங்களுக்குத் தரவரிசை உண்டு. வி (v) என்ற எழுத்தோடு வரும் எண் கயிற்று இறக்கத்தின் கடினம், ஆ (a) என்ற எழுத்தோடு வரும் எண் நீரின் கடினம். மூன்றாவதாக ஒரு ரோமன் எண் வரும். பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வெள்ளம் வந்தால் எவ்வளவு நேரத்தில் நீர் எட்டாத இடத்துக்குப் போய்விடலாம், வெளியேற எங்கெங்கே வழி இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஒன்று என்றால் எளிதாகவும் விரைவாகவும் ஒதுங்கலாம். இரண்டு என்றால் அதிகபட்சம் கால் மணி நேரத்தில் ஒதுங்க இடம் கிடைக்கும். முதல் முறை போகும் பிள்ளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த்ரேக் பக்கத்தில் ஓடும் பெஸோர்க் ஓடையின் கீழ்ப்பகுதி குடும்பங்களை அழைத்துச்செல்லும் இடமாகப் பெயர் பெற்றது. வல்லோனிலிருந்து காரில் போய்விடலாம். பொதுவாக எட்டு வயதுக்கு மேல் எடுக்கிறார்கள், நீச்சல் இங்கேயும் வேண்டும். ஆகவே மகளுக்கு இந்த ஆண்டு இது இல்லை. மகனும் மனைவியும் போகலாம்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதா என்பதை வயதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நீருக்கு அஞ்சாத பிள்ளை உயரத்துக்கு அஞ்சும். என் அனுபவத்தில் குளிர்தான் பெரிய எதிரி. மலையோடை நீர் ஆகஸ்டிலும் குளிரும். குளிர் தாங்க ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோபிரீன் உடை கொடுப்பார்கள், ஆனால் மெலிந்த பிள்ளைக்கு அது தொளதொளவென்று இருந்தால் உள்ளே நீர் ஓடிக்கொண்டே இருக்கும். உடலோடு ஒட்டும் அளவு இருக்கிறதா என்று மகனின் உயரம், எடை சொல்லி முன்பே கேளுங்கள். உதடு நீலமாகி, பிள்ளை பேச்சைக் குறைத்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்ல வேண்டும். குதிப்பதற்கு ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். ஏறத்தாழ எல்லாக் குதிக்கும் இடங்களிலும் கயிற்றில் இறக்கிவிட வேறு வழி இருக்கும், நல்ல வழிகாட்டி அதைத் தானாகவே முன்வைப்பார். காலையில் வேறொருவர் குதித்தார் என்பதற்காகத் தன் பிள்ளையைத் தள்ளிய தந்தையைக் கண்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை அதன் பிறகு அன்று முழுவதும் யாரையும் நம்பவில்லை.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாலிக்கொடி, வளையல், மோதிரம், தோடு எல்லாவற்றையும் அறையிலேயே பாதுகாப்பாக வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம் கயிற்றிலோ பாறை விளிம்பிலோ மாட்டினால் உடல் எடை முழுவதும் அந்த விரலில் தொங்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இருப்பார்கள், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அப்படியானால் வழிகாட்டியிடம் முன்பே சொல்லி, உடைக்கு அடியில் வெளியே வராதபடி அடக்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். நீண்ட கூந்தலைப் பின்னி, முனை வெளியே தெரியாமல் உடைக்குள் செருகுங்கள். கயிற்றில் இறங்கும் உலோகக் கருவிக்குள் முடி இழுபட்டால் ஆள் நடுவழியில் தொங்க நேரிடும்.

இங்கிருந்து எவராலும் சொல்ல முடியாதது அன்றைய வானிலை. ஆகஸ்ட் பிற்பகுதியில் மாலை இடிமழை சகஜம். செவென் மலைப்பக்கம் பெய்யும் பெருமழை இலையுதிர் காலத்தில் இந்த ஆற்றை எப்படி மாற்றும் என்பதற்கு 1890 செப்டம்பர் வெள்ளத்தை இங்கே இன்றும் பேசுவார்கள். பள்ளத்தாக்கில் பல பாலங்களை அது அடித்துச் சென்றது. கோடை மழை அந்த அளவுக்குப் போவதில்லை, ஆனால் ஒடுங்கிய பள்ளத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை. உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வந்து சேரும். முந்தின இரவும் அன்று காலையும் மெத்தியோ பிரான்ஸ் என்ற வானிலை நிறுவனத்தின் எச்சரிக்கையையும், ஆற்று நீர்மட்டத்துக்கு விஜிக்ரூ தளத்தையும் பாருங்கள். வழிகாட்டி ரத்து செய்தால் வாதாடாதீர்கள். பாரிஸிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லி அவரை நெருக்காதீர்கள். வெள்ளப் பள்ளத்தில் இறங்க மறுக்கும் வழிகாட்டிதான் நீங்கள் பணம் கொடுக்க வேண்டிய ஆள்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. பாரிஸிலிருந்து காரில் 650 கிலோமீட்டருக்கும் மேல். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தெற்கே போகும் நெடுஞ்சாலைகள் வழக்கமாகக் கறுப்பு நிறத்தில், அதாவது மிக மோசமான நெரிசல் என்று, எச்சரிக்கப்படும் நாள். வெள்ளி இரவு அல்லது வேறு நாளில் புறப்படுங்கள். வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே ஆறு வேண்டாம், ஓட்டி வந்தவருக்கு ஓய்வு வேண்டும். அம்மாவுக்கும் மகளுக்கும் வல்லோன் அருகே, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள ஷோவே குகையின் நகல் இருக்கிறது. மூலக் குகை 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது; அதைப் பாதுகாக்கப் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. 2015 இல் திறந்த நகலில் ஏறத்தாழ 36,000 ஆண்டுப் பழமையான சிங்க, காண்டாமிருக ஓவியங்களை அதே வடிவில் காணலாம். மனைவியும் மகனும் கன்யோனிங் போகும் நாளில் நீங்கள் மூவரும் இங்கே போகலாம். ஆகஸ்டில் நுழைவுச் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லாததற்குக் காரணம், பருவத்துக்குப் பருவம் ஆட்கள் மாறுகிறார்கள். தொலைபேசியில் நான்கு விஷயம் கேளுங்கள். எட்டுக் கிலோமீட்டருக்குப் பயிற்றுநர் உடன் வருவாரா, ஒரு குழுவில் எத்தனை பேர்? கன்யோனிங்கில் ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் என்றால், பிள்ளைகள் உள்ள குழுவுக்கு அது அதிகம் என்பது என் கருத்து. வானிலையால் ரத்தானால் முழுப் பணம் திரும்பக் கிடைக்குமா? பிள்ளை பாதியில் முடியாது என்றால் எந்த இடத்தில் வெளியே கொண்டுவருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு இடத்தின் பெயரோடு உடனே பதில் சொல்பவரிடம் முன்பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் எல்லோரும் முடித்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னால், அடுத்த எண்ணை அழையுங்கள்.